தையில் விற்று ஆடியில் வாங்கும் வீடு

தை மாதம் களத்துமேட்டில் வைத்தே எடைபோட்டுக் கொடுத்துவிட்ட துவரையை, ஆடி மாதம் மளிகைக் கடையில் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குகிற விவசாய வீடுகள் நம் ஊர்ப் பக்கம் ஏராளம். கொடுத்தபோது ஒரு விலை, வாங்கும்போது வேறு விலை. நடுவில் ஆறே மாதம். இதைக் கேட்கிற பட்டணத்து ஆள், "வீட்டுக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றால் ஆகாதா?" என்றுதான் முதலில் கேட்பார். நியாயமான கேள்விதான். ஏழை விவசாயக் குடும்பங்களின் சாப்பாட்டுப் பிரச்சினை பெரும்பாலும் அந்தக் கேள்விக்குள்ளேதான் கிடக்கிறது. எடுத்து வைக்க ஏன் முடியவில்லை?

உணவுப் பாதுகாப்பு என்று பேச்சு வந்தாலே உடனே விளைச்சலுக்குப் போய்விடுகிறோம். வீரிய விதை, உரம், சொட்டுநீர். அதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளைந்தது விளைவித்தவர் வீட்டில் தங்குவதற்கு வழியில்லை என்றால், கூடுதலாக விளைகிற இரண்டு மூட்டையும் மற்ற மூட்டைகளோடு சேர்ந்து வண்டியேறிப் போகும். வீட்டுப் பானை அப்படியேதான் இருக்கும்.

1996-ல் ரோம் நகரில் நடந்த உலக உணவு மாநாட்டில் உணவுப் பாதுகாப்புக்கு ஒரு விளக்கம் எழுதினார்கள். எல்லா மக்களுக்கும், எல்லாக் காலத்திலும், போதுமான, சத்துள்ள, பாதுகாப்பான உணவு எட்ட வேண்டும் என்பது அதன் சாரம். உணவு இருக்க வேண்டும், அது கைக்கு எட்ட வேண்டும், உடம்பில் ஒட்ட வேண்டும், இந்த மூன்றும் நடுவில் அறுந்துபோகாமல் நிலைக்க வேண்டும் என்று அதை நான்காகப் பிரித்துச் சொல்வார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது "எல்லாக் காலத்திலும்" என்ற இரண்டு சொற்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம். எட்டு மாதம் வயிறு நிறைந்து நான்கு மாதம் அரைவயிறு என்றால், சராசரி எடுத்துப் பார்க்கிறவர் கணக்கில் அந்த வீட்டில் குறையே தெரியாது.

வங்காளத்தில் 1943-ல் முப்பது லட்சம் பேர்வரை பலிகொண்ட பஞ்சத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், 1981-ல் வெளிவந்த நூலில் ஒன்றைக் காட்டினார். அந்த வருஷத்து உணவு இருப்பு, பஞ்சமே இல்லாத 1941-ஐவிடக் குறைவாக இல்லை. அரிசி இருந்தது, அதை வாங்கும் சக்திதான் கூலிக்காரர்களிடமும் மீனவர்களிடமும் இல்லாமல் போனது. பஞ்சத்தைப் பற்றி அவர் சொன்னது, சின்ன அளவில் வருஷா வருஷம், மழையை மட்டும் நம்பிப் பயிரிடுகிற மானாவாரிக் கிராமங்களில் நடக்கிறது. யாரும் சாவதில்லை என்பதால் அதற்குப் பஞ்சம் என்று பெயரும் இல்லை.

பசி வரும் மாதங்கள்

மானாவாரி நாட்காட்டியைக் கொஞ்சம் பார்ப்போம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடி, ஆவணியில் விதைப்பு. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிற ஊர்களில் புரட்டாசி வரை தள்ளிப்போகும். மார்கழி, தை, மாசியில் அறுவடை. வந்த தானியம் சித்திரை, வைகாசி வரை ஓடும். ஆனியில் பானையில் கை விட்டால் அடி தட்டும். அப்புறம் புதுத்தானியம் வரும்வரை கடையும் கடனும்தான்.

இந்த மாதங்களில்தான் உடம்புக்கு வேலை அதிகம். உழவு, விதைப்பு, களையெடுப்பு எல்லாம் இப்போதுதான். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து நோட்டு, சட்டைச் செலவு வந்து நிற்கும். மழை தொடங்கியதும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். வருஷத்தில் அதிகம் தின்ன வேண்டிய காலத்தில் வீட்டில் தானியம் இருக்காது. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊர்கூடிக் கூழ் ஊற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம், பானை காலியாகும் மாதம் பார்த்து இந்த வழக்கத்தை வைத்திருக்கிறார்களே என்று எனக்குத் தோன்றும். இருக்கிறவர் வீட்டுக் கேழ்வரகும் கம்பும் இல்லாதவர் கலயத்துக்குப் போக அது ஒரு வழி. வரலாற்று ஆதாரம் காட்டி நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் பசித்த மாதம் எது என்று ஊருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நிலம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் கையில் சராசரியாக 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு மாதம் ஒன்பது, பத்து கிலோ தானியம் என்று வைத்தால் வருஷத்துக்கு ஐந்நூறு கிலோவைத் தாண்டும். மழை ஒழுங்காகப் பெய்த வருஷத்தில் இரண்டு ஏக்கர் புஞ்சையில் அதை எடுத்துவிடலாம். மொத்தத்தையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் சாப்பாட்டுக்குச் சரியாக வரும். ஆனால் எண்ணெய், துணி, பேருந்துக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, போன் ரீசார்ஜ் எல்லாம் தானியமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

2019-ல் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு விவசாயக் குடும்பங்களின் வரவுசெலவை எடுத்தது. மாதம் சராசரி வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியாக வந்தது 4,063, பயிரிலிருந்து வந்தது 3,798. விவசாயி என்று நாம் சொல்கிற சராசரி ஆளுக்கு விவசாயத்தைவிடக் கூலிவேலையில்தான் அதிகம் வருகிறது. பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குக் கடன் இருக்கிறது. ஆக இந்தக் குடும்பம் ஒரே நேரத்தில் உற்பத்தியாளர், கூலித் தொழிலாளி, கடைக்கு வரும் வாடிக்கையாளர். அரிசி விலை ஏறினால் விவசாயிக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வது இவர்களுக்குப் பொருந்தாது. விற்கும்போது விலை ஏறினால்தான் நல்லது, வாங்கும்போது ஏறினால் அடி.

களத்துமேட்டில் நடப்பது

தானியம் தங்காததற்கு முதல் காரணம் கடன். விதைக்கும், உரத்துக்கும், நடுவில் வந்த ஒரு பிரசவத்துக்கும் ஊர் வியாபாரியிடம் வாங்கியிருப்பார்கள். அவர் வட்டி என்று தனியாக ஒன்றும் கேட்க மாட்டார். "அறுத்ததும் என்கிட்டயே போட்டுடுப்பா" என்பதுதான் பேச்சு. அறுவடை அன்று ஊர் முழுக்க ஒரே சரக்கு வந்து குவிவதால் விலை தரையில் கிடக்கும். கடனுக்காக அந்த விலைக்கே போட வேண்டும். எடையிலும் கொஞ்சம் போகும். வட்டி எங்கே இருக்கிறது என்றால், தையில் கொடுத்த விலைக்கும் ஆடி விலைக்கும் நடுவில் இருக்கிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்ற பழமொழியில் வருகிற அந்த உழக்கு இப்படித்தான் கைமாறுகிறது.

இரண்டாவது காரணம் பூச்சி. கொஞ்சம் எடுத்து வைத்தாலும் பயறில் வண்டு விழுந்து, மூன்று மாதத்தில் மேலெல்லாம் ஓட்டையும் அடியெல்லாம் மாவுமாக ஆகிவிடும். இதற்கு நம் வீடுகளில் இருந்த கைப்பக்குவம் சாதாரணமானதல்ல. துவரைக்குச் செம்மண் கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நல்ல செம்மண்ணைச் சலித்துத் தண்ணீரில் குழம்பாகக் கரைத்து, துவரையை அதில் போட்டுப் பிசறி, பருப்பின் மேல் மெல்லிய தோலாகப் படியும்படி செய்து, வெயிலில் கொட்டிக் காயவைப்பார்கள். கையில் அள்ளினால் சரளைக்கல்போல் கலகலவென்று சத்தம் வர வேண்டும். அந்தப் பதத்துக்குக் காய்ந்ததும் பானையில் கொட்டி, வேப்பிலையோ நொச்சியோ போட்டு, வாயை மூடி மெழுகிவிடுவார்கள். வண்டு முட்டையிட இடம் கிடைக்காது. அடுத்த வருஷ விதைக்கும் அதுதான், குழம்புக்கும் அதுதான். உடைக்கும்போது மண்ணும் தோலும் சேர்ந்து போய்விடும்.

குலுக்கை, குதிர், பத்தாயம், அடுக்குப் பானை என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சேமிப்புக் கலம் இருந்தது. அவை போனதற்குக் காரணம் வெறும் மறதி இல்லை. ஓட்டு வீடும் கூரை வீடும் ஒற்றை அறைத் தொகுப்பு வீடாக மாறின. ஆள் உயரக் குதிர் வைக்க இடம் இல்லை. இன்றைக்குக் காற்று புகாத, உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறை வைத்த பைகள் வந்திருக்கின்றன. வாயை இறுக்கிக் கட்டிவிட்டால் உள்ளே இருக்கிற பூச்சி மூச்சுக்காற்று இல்லாமல் செத்துவிடும். மருந்து வேண்டாம். இதே முறைப் பைகளை மேற்கு ஆப்பிரிக்காவில் தட்டைப்பயறு சேமிக்க லட்சக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களில் உர மூட்டை கிடைக்கிற மாதிரி இந்தப் பையும் கிடைத்தால் எவ்வளவோ பயறு மிஞ்சும்.

மூன்றாவது காரணம்தான் அதிகம் பேசப்படாதது: தானியத்தைச் சோறாக்கும் உழைப்பு. அதற்குக் கொல்லிமலைக்குப் போக வேண்டும்.

உரலும் சாமையும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். மேலே மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள். அவர்கள் பேசுவது தமிழ்தான். மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். சரிவு நிலத்தில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு போட்டவர்கள். சாமையிலேயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று பல ரகம். சில சீக்கிரம் கதிர் வரும், சில நின்று வரும். ஒரே ஆள் இரண்டு மூன்று ரகத்தைப் பிரித்துப் போட்டு வைப்பார். மழை முன்னே பின்னே ஆனாலும் ஏதாவது ஒன்று கைகொடுக்கும். முன்னே வருகிற ரகம் வீட்டின் பசி மாதத்தைச் சுருக்கிவிடும்.

பிறகு மரவள்ளி வந்தது. சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி ஜவ்வரிசி வியாபாரத்துக்கு ஒரு நிலையான சந்தை உருவானது. குச்சியை வெட்டி நட்டால் போதும், பத்து மாதத்தில் கிழங்கு, லாரி மலைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். கையில் ஒரே தொகையாகக் காசு. சாமை நிலங்கள் மளமளவென்று மரவள்ளியாக மாறின. இதை ஏமாந்துபோன கதையாகச் சொல்லக் கூடாது. அந்தக் காசில் பிள்ளைகள் படித்தார்கள், ஓட்டு வீடு கட்டினார்கள். ஆனால் சரிவில் மண் அரிக்கத் தொடங்கியது. கிழங்கு விலை ஜவ்வரிசி விலையோடு கட்டப்பட்டு ஏறி இறங்கியது. வீட்டுத் தானியம் வீட்டில் விளைவது நின்றது.

ஏன் சாமையை விட்டார்கள் என்று கேட்டால் காசு மட்டும் பதில் இல்லை. சாமையைக் குத்திப் பார்த்தவர்களுக்கு மீதிப் பதில் தெரியும். நெல்லைவிடச் சின்ன மணி, அதன்மேல் வழுவழுப்பான கெட்டி உமி. உரலில் ஒரு படி போட்டு உலக்கையால் குத்த வேண்டும். வேகமாகக் குத்தினால் நொய்யாகும், மெதுவாகக் குத்தினால் உமி விடாது. குத்தியதை முறத்தில் போட்டுப் புடைத்து, விடாததைப் பிரித்து மறுபடி உரலில் போட வேண்டும். இப்படி மூன்று நான்கு நடை. அப்புறமும் மணி அளவிலேயே இருக்கிற கல்லை அரித்து எடுக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்குக் காட்டு வேலை முடித்து வந்த பெண்ணின் ஒரு மணி, இரண்டு மணி நேரம் போய்விடும். ரேஷன் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தால் இருபது நிமிஷம். சிறுதானியத்தின் சத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் இந்தக் கணக்கில் தோற்றுத்தான் போகும். அந்த உலக்கையைப் பிடித்தது பெண்களின் கை. அவர்கள் அதை விட்டதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

சென்னையில் 1988-ல் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்தது. உள்ளூர் ரகங்களைச் சேகரித்தார்கள், ஊர் விதை வங்கிகள் வைத்தார்கள், வரிசை நடவு, ஊடுபயிர் என்று விளைச்சலைக் கூட்டப் பார்த்தார்கள். எல்லாம் பயன்பட்டவைதான். ஆனால் சாமை அடுப்புக்குத் திரும்ப முக்கியக் கதவைத் திறந்தது, மலையூர்களிலேயே மகளிர் குழுக்கள் நடத்துகிற மாதிரி வைத்த சின்ன உமி நீக்கும் இயந்திரங்கள் என்பது என் கணிப்பு. இயந்திரம் மலைக்குக் கீழே இருந்தால் சாமை கீழே போகும், கீழே போனது விற்பனைச் சரக்காகிவிடும். அரைத்த சாமையை அதே ஊரில் வாங்கிப் பொங்கலாம் என்றால்தான் அது வீட்டுத் தானியம். ஒரு மில் எங்கே நிற்கிறது என்பது ஒரு பயிரின் தலையெழுத்தை மாற்றும் விஷயம்.

இன்னொரு தடையும் உண்டு. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் கேழ்வரகு, கம்பு, சோளம் இருக்கின்றன. சாமை, தினை, வரகு இல்லை. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்து ஊரெல்லாம் விழா எடுத்தபோதும் இந்த நிலைதான். சத்தீஸ்கர் மாநிலம் 2021-ல் வரகுக்கும் சாமைக்கும் தானே ஒரு ஆதரவு விலை அறிவித்து வாங்கத் தொடங்கியது. பட்டணத்துக் கடையில் பாக்கெட் சாமை விற்கிற விலையைப் பார்த்துவிட்டு மலைக்காரர்களுக்கு நல்ல காலம் என்று நினைப்பவர்கள், களத்தில் மூட்டைக்கு என்ன கிடைக்கிறது என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்க வேண்டும்.

ரேஷன் கடை செய்ததும் செய்யாததும்

ரேஷன் அரிசி வந்ததால்தான் சிறுதானியம் அழிந்தது, மக்கள் சோம்பேறி ஆனார்கள் என்றொரு பேச்சு உண்டு. எனக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். தமிழ்நாட்டில் ஏழை, பணக்காரர் என்று சல்லடை போடாமல் எல்லோருக்கும் அட்டை என்ற கொள்கையை விடாமல் வைத்திருந்தார்கள். 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. ஆடி மாதத்தை இந்த மாநிலத்துக் கிராமங்கள் பட்டினி இல்லாமல் கடக்கிறதென்றால் அதற்கு முதல் காரணம் இந்த அரிசிதான். 1982-ல் விரிவான சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவும் சேர்ந்து, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் இரண்டு வேளையைப் பள்ளி நாட்களில் உறுதி செய்திருக்கின்றன. அரிசி கையில் இருந்தால் விவசாயி களத்துமேட்டில் கொஞ்சம் நிமிர்ந்து பேச முடியும். விதைநெல்லைத் தின்ன வேண்டிய அவசியம் வராது. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமும் இதே மாதிரி, வேலையில்லாத மாதங்களில் வியாபாரியிடம் கை நீட்டாமல் இருக்க ஒரு பிடிமானம் கொடுத்தது.

ஆனால் அரிசி மட்டுமே சாப்பாடு ஆகிவிடாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குள்ளான குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. அகில இந்திய அளவைவிட இவை பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறவில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. 2007-லிருந்து ரேஷனில் துவரம்பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் தருகிறார்கள். மாதம் ஒரு கிலோ பருப்பு ஐந்து பேருக்கு எத்தனை நாள் வரும்?

ரேஷனைக் குறைத்துச் சிறுதானியத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ரேஷனே அந்தத் தானியத்தை வாங்கலாம். ஒடிசா 2017-ல் தொடங்கிய சிறுதானிய இயக்கம் இதைத்தான் செய்தது. கோராபுட் போன்ற மலை மாவட்டங்களில் கேழ்வரகை ஆதரவு விலைக்கு வாங்கி, ரேஷன் வழியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கேழ்வரகு லட்டு கொடுத்தார்கள். வாங்குவது, சுத்தம் செய்வது, அரைப்பது பலவும் மகளிர் குழுக்கள் கையில். விளைவித்த வீட்டுக்குக் காசும் வந்தது, சாப்பாடும் வந்தது. தமிழ்நாட்டிலும் 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடம் நேரடியாகக் கேழ்வரகு கொள்முதலும் செய்தார்கள். சின்ன அளவுதான். ஆனால் சரியான திசை. கொல்லிமலைச் சாமை கொல்லிமலை ரேஷன் கடையில் கிடைக்கும் நாள் வந்தால் நான் இன்னும் சந்தோஷப்படுவேன்.

ஜகீராபாத் பெண்கள் கண்ட வழி

இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிற ஒரு முயற்சி, தெலங்கானாவில் ஜகீராபாத் வட்டாரத்தில் நடந்தது. தக்காண மேம்பாட்டுச் சங்கம் என்ற அமைப்பும், அதோடு சேர்ந்த தலித் பெண்களின் ஊர்ச் சங்கங்களும் நடத்தியது. அப்போது அது ஆந்திரப் பிரதேசம்.

அங்கே ஏழைகளிடம் நிலம் இருந்தது, ஆனால் தரிசு. அரசு கொடுத்த மேட்டு நிலம், மண் இல்லாத நிலம், உழ மாடு இல்லாததால் போட்டுவைத்த நிலம். 1990-களின் நடுவில் முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் பெண்கள் சங்கங்கள் ஒரு ஏற்பாடு செய்தன. தரிசை உழவும், எரு போடவும், விதைக்கவும் கடன். திருப்பித் தர வேண்டியது காசாக அல்ல, சோளமாக. அதுவும் ஒரே வருஷத்தில் அல்ல, ஐந்து வருஷத்தில் தவணை தவணையாக. அப்படி வந்த சோளம் ஊரை விட்டு வெளியே போகாது. ஊரிலேயே பெரிய கூடைகளில், சாம்பலும் வேப்பிலையும் போட்டுச் சேமித்தார்கள். பசி மாதங்களில் மிகவும் ஏழையான வீடுகளுக்குச் சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலையில் அதே சோளத்தைக் கொடுத்தார்கள். அந்தக் காசு திரும்ப நிதியாகி அடுத்த தரிசுக்குப் போனது.

யார் ஏழை என்று யார் முடிவு செய்வது? இங்கேதான் அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். ஊர் நடுவில் தரையில் கோலப்பொடி போன்ற வண்ணப்பொடிகளால் ஊரின் படத்தை வரைந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. எல்லோரும் சுற்றி நின்று, இந்த வீட்டில் எத்தனை வாய், நிலம் என்ன, ஆண் துணை உண்டா, எத்தனை மாதத்துக்குத் தானியம் வரும் என்று பேசிப் பேசி அந்த வீட்டுக்கு ஒரு நிறம் வைத்தார்கள். எல்லோர் முன்னாலும் நடப்பதால் பொய் சொல்ல முடியாது. அதிகாரி எழுதிய பட்டியலில் விடுபட்டுப் போகிற விதவைக் கிழவி இதில் விடுபடுவதில்லை.

சோளம் என்ற ஒரு தானியம் வீட்டைச் சுற்றி எத்தனை வேலை செய்கிறது என்றும் பாருங்கள். சோளத்தட்டை மாட்டுக்குத் தீவனம். மாட்டின் எரு நிலத்துக்கு. ஊடே போட்ட துவரை பருப்புக்கு. சோளக் கூலி அறுக்கிற பெண்களுக்கு. வெளியிலிருந்து வரும் அரிசி வயிற்றை நிறைக்கும், இந்தச் சங்கிலியைத் தராது. இந்தப் பெண்களின் சங்கங்களுக்கு 2019-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது கிடைத்தது.

ஊர்த் தானிய வங்கி என்றாலே எங்கும் வென்றுவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. மத்திய அரசும் 1990-களில் பழங்குடிப் பகுதிகளுக்கென்று ஒரு தானிய வங்கித் திட்டம் கொண்டுவந்தது. பல இடங்களில் கொடுத்த தானியம் திரும்பவில்லை, வங்கி ஓரிரு வருஷத்தில் பூட்டப்பட்டது. காரணம் நேர்மைக்குறைவு என்று மேலோட்டமாகச் சொல்வார்கள். உள்ளே இருக்கிற சிக்கல் வேறு. ஊருக்கே மழை பொய்த்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தானியம் வேண்டும், யாராலும் திருப்பித் தர முடியாது. ஒரே ஊருக்குள் சுற்றுகிற எந்த ஏற்பாடும் பஞ்ச வருஷத்தைத் தனியாகத் தாங்காது. அந்த வருஷத்தில் வெளியிலிருந்து, அதாவது அரசுக் கிடங்கிலிருந்து, வங்கியை நிரப்பிக் கொடுக்க வேண்டும். நல்ல வருஷத்துக்கு ஊர்ப் பானை, கெட்ட வருஷத்துக்கு அரசுக் கிடங்கு. இரண்டும் ஒன்றையொன்று தாங்க வேண்டியவை.

கடனுக்காகக் களத்திலேயே விற்கிற பழக்கத்துக்கு ஏற்கெனவே ஒரு மருந்து இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பொருளீட்டுக் கடன் என்று ஒன்று உண்டு. சரக்கைக் கிடங்கில் வைத்தால் அதன் மதிப்பில் முக்கால் பங்கு வரை குறைந்த வட்டிக்குக் கடன் தருவார்கள். விலை ஏறியதும் விற்றுக் கடனை அடைக்கலாம். ஏட்டில் பார்த்தால் தை, ஆடி இடைவெளிக்கே செய்த திட்டம் மாதிரி இருக்கும். ஆனால் மூன்று மூட்டை துவரை வைத்திருக்கிறவர் முப்பது கிலோமீட்டர் தூரத்துக் கூடத்துக்கு வண்டி வாடகை கொடுத்துப் போய், ஈரப்பதம் பார்த்து, சிட்டா அடங்கல் கொடுத்துக் கடன் வாங்குவாரா? குத்தகைக்கு உழுகிறவரிடம் அந்தக் காகிதமே இருக்காது. நிலம் கணவர் பெயரில் இருக்கிற பெண்ணிடமும் இருக்காது. இதே வசதி ஊராட்சி அளவில், கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில், பத்து வீட்டுச் சரக்கைச் சேர்த்து ஒரு மகளிர் குழுவின் பெயரில் கிடைத்தால் மூன்று மூட்டைக்காரரும் உள்ளே வரலாம்.

கீரையும் கோழியும்

தானியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டில் மீதி இருக்க வேண்டியவை வீட்டைச் சுற்றித்தான் வர வேண்டும். ஒரு முருங்கை, ஒரு அகத்தி, குளித்த தண்ணீர் பாய்கிற இடத்தில் நாலு கீரைப் பாத்தி, கொடியில் அவரை, ஐந்தாறு நாட்டுக்கோழி. வங்கதேசத்தில் ஹெலன் கெல்லர் தொண்டு நிறுவனம் 1990-களிலிருந்து லட்சக்கணக்கான வீடுகளில் இதையே ஒரு திட்டமாக வளர்த்தெடுத்தது. நமக்கு இது புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை, ஆனால் விட்டுப்போன விஷயம்.

விட்டுப்போனதில் ஒன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. களையெடுக்கப் போகிற பெண்கள் மடியில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை பறித்து வருவார்கள். அது களைதான், ஆனால் அன்றைய ராத்திரிக் குழம்பு. ஆடி, ஆவணியில், பானை காலியாக இருக்கிற அதே மாதங்களில்தான் அது தழைத்து நிற்கும். களைக்கொல்லி அடிக்கத் தொடங்கியபின் களையெடுக்கும் கூலியும் போனது, மடியில் வந்த கீரையும் போனது. கூலி போனதையாவது யாராவது எழுதினார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் சால் சாலாக அவரை, துவரை, நடுநடுவே கடுகு போடுவார்கள். தனிப்பயிராகப் போட்டால் கேழ்வரகு கொஞ்சம் கூடும் என்று சொல்லி அதையும் பல இடங்களில் விட்டாயிற்று. கூடிய கேழ்வரகு எவ்வளவு என்று புள்ளிவிவரத்தில் இருக்கும், போன அவரைக்காய் இருக்காது.

இவ்வளவு செய்தாலும் வீட்டுக்குள் யார் தட்டில் என்ன விழுகிறது என்பது தனிக் கதை. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து உண்கிற பெண் இருக்கும்வரை, முட்டை வீட்டுக்கு வந்தாலும் அவளுக்கு வராது. ஜகீராபாத்தில் தானியக் கூடையின் சாவி பெண்கள் கையில் இருந்தது. கொல்லிமலையில் அரைவை இயந்திரத்தின் சாவியும் அப்படித்தான். கோழி விற்ற காசும் முருங்கைக்காய் விற்ற காசும் அவள் முடிச்சில் இருந்தால் அது அரிசி, எண்ணெய், பிள்ளைக்கு மருந்து என்றுதான் முதலில் போகும்.

மலையூர்களில் அடுத்து கேட்க வேண்டிய கேள்வியும் அந்த இயந்திரத்தைப் பற்றியதே. திறப்பு விழா அன்று ஓடுகிறது. இரண்டாவது வருஷம் மோட்டார் காயில் எரிந்தால், பெல்ட் அறுந்தால், சல்லடை தேய்ந்தால், எழுபது வளைவு இறங்கிப் போய்ச் சரிசெய்துவர யாரிடம் காசு இருக்கிறது, எத்தனை நாள் ஆகிறது? அத்தனை நாளும் அந்த ஊரில் சாமை உமியோடு மூட்டையில் கிடக்கும். ஒரு வாரம் என்றால் காத்திருப்பார்கள். ஒரு மாதம் ஆனால் வியாபாரி வந்து தூக்கிக்கொண்டு போவார்.